படிக்கிறதுக்கு அமெரிக்க அரசாங்கம் குடுக்கிற பெல் கிராண்ட் உதவிக்காசு நின்னு போச்சு, 617 டாலர் வேற திருப்பிக் கட்டணுமாம். யாராவது வழி சொல்லுங்க

வைகைக்கரை:

வணக்கம். இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆளு நான், எழுதுறது இதான் முதல் தடவை. நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

நாத்தனார் போட்ட மனுல கிரீன் கார்டு கிடைச்சு 2019ல குடும்பத்தோட கலிபோர்னியா வந்தோம். வீட்டுக்காரர் ஒரு இந்தியன் குரோசரி கடைல வேலை பாக்குறாரு, ரெண்டு பசங்க, எனக்கு வயசு 39. ஊர்ல பிளஸ் டூ முடிச்சு காலேஜ்ல ஒரு வருசம் போனேன், அதோட கல்யாணம் ஆயிருச்சு. பசங்க கொஞ்சம் பெருசாயிட்டாங்க, இப்ப விட்டா எப்பவும் இல்லன்னு பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல 2024 ஃபால்ல (இலையுதிர்கால செமஸ்டர்) சேர்ந்தேன். எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பாடங்கள்.

ஃபாஃப்சா, அதான் அந்த உதவிக்காசுக்குப் போடுற அரசாங்க ஃபாரம், அதைப் போட்டதே பெரிய கூத்து. அக்கவுன்ட் ஓப்பன் பண்ணா பேரு ஒத்துப்போகலன்னு திருப்பித் திருப்பி வருது. நான் இங்க எல்லா இடத்துலயும் வீட்டுக்காரர் பேரைக் கடைசிப் பேரா சொல்லிப் பழகிட்டேன், ஆனா சோஷியல் செக்யூரிட்டி கார்டுல இருக்கிறது எங்கப்பா பேரு. அதுக்கப்புறம் கார்டைக் கையில வச்சுக்கிட்டு எழுத்தெழுத்தா அடிச்சேன், ரெண்டு நாள்ல சரியாயிருச்சு. வருமானம் கம்மிங்கறதால முழு பெல் கிராண்ட் வந்துச்சு, வருசத்துக்கு 7,395 டாலர், பாதி பாதியா ரெண்டு செமஸ்டருக்கு. பாடத்தோட அளவை இங்க யூனிட்ல சொல்லுவாங்க, யூனிட்டுக்கு 46 டாலர் ஃபீஸ், அதையும் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட்ல தள்ளுபடி பண்ணிட்டாங்க. முதல் தவணை பேங்க்ல விழுந்த அன்னிக்கு அதை போட்டோ பிடிச்சு மதுரைல அம்மாவுக்கு அனுப்பினேன். படிக்கிறதுக்கு எதுக்குடி அவன் காசு தர்றான்னு அம்மா கேட்டுச்சு, எனக்கே பதில் தெரியல.

இனிமேதான் விசயமே. ஃபால்ல 12 யூனிட் எடுத்தேன், நாலு பாடம். சாயங்கால ஷிஃப்ட்டுக்கு ஒரு கடைல போய்க்கிட்டே படிச்சதுல முடியாம அக்டோபர்ல ரெண்டு பாடத்தை ட்ராப் பண்ணிட்டேன், மீதி ரெண்டுலயும் பி வாங்கினேன். ஜனவரில வார்னிங்னு ஒரு மெயில் வந்துச்சு, காசு ஒண்ணும் நிக்கல, அதனால பெருசா எடுத்துக்கல. ஸ்பிரிங் செமஸ்டர் ஜனவரி 27 ஆரம்பம், மறுபடி 12 யூனிட், 3,697 டாலர் ஒரே தவணையா வந்துச்சு. பிப்ரவரி கடைசில அம்மாவுக்கு ஸ்ட்ரோக். மார்ச் 1 ஃபிளைட் ஏறிட்டேன், மார்ச் 3ம் தேதி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போன்லயே நாலு பாடத்தையும் ட்ராப் பண்ணேன். ஃபெயிலுக்கு டபிள்யூ, அதாவது பாதில விட்டதுன்னு விழுற குறி, எவ்வளவோ மேல்னு யாரோ சொன்ன ஞாபகம்.

அம்மா இப்ப குச்சி ஊனி நடக்குது. நான் ஜூன் கடைசில திரும்பி வந்தேன். வந்து பாத்தா ஃபிரிட்ஜ்ல ஏழுமலையான் மேக்னட்டுக்கு அடில காலேஜ் கவர், ஏப்ரல் தேதி போட்டது. வீட்டுக்காரர் விளம்பரம்னு நினைச்சு ஒட்டி வச்சிருக்காரு. 617 டாலர் 45 நாளுக்குள்ள கட்டணும்னு இருக்கு, அந்த நாளெல்லாம் எப்பவோ போயிருச்சு. இப்ப எஸ்ஏபி சஸ்பென்ஷன்னு இன்னொரு மெயில், உதவிக்காசு நிக்குதுன்னு. ஃபால் கிளாஸ் எடுக்கப் போனா ஹோல்டு இருக்கு, சேர முடியாதுன்னு வருது.

வாங்குன காசை புக்கு, பஸ், வாடகைன்னு செலவழிச்சாச்சு. நான் தப்பு பண்ணிட்டேனா, இதுக்கு மேல படிக்கவே முடியாதா? அவங்க ஏன் 617னு ஒரு கணக்கு சொல்றாங்க, அது எங்க இருந்து வந்துச்சு?


மூணாம்_ஜன்னல்:

வணக்கங்க. நான் வேற ஒரு காலேஜ்ல ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ் ஜன்னல்ல ஆறு வருசம் உக்காந்தவன். உங்க மாதிரி கவரோட வர்றவங்களை வாரத்துக்கு நாலு பேரையாவது பாப்பேன், அதனால முதல்ல பயத்தை விடுங்க, இது தப்பு இல்ல. ஆனா ஒண்ணு, உங்களுக்கு நடந்தது மூணு வேற வேற விசயம், நீங்க அதை ஒண்ணா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க.

முதல் விசயம், 617 எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். பெல் காசு செமஸ்டர் பூரா கிளாஸ்ல இருக்கிறதுக்குத் தர்றது. பாதில போனா எத்தனை நாள் இருந்தீங்களோ அவ்வளவுதான் உங்க பங்கு. ஜனவரி 27ல இருந்து செமஸ்டர் முடியுற மே 23 வரைக்கும்னு வச்சுக்கிட்டா 117 நாள், நடுவுல ஸ்பிரிங் பிரேக் முன்னாடி பின்னாடி சனி ஞாயிறு சேத்து 9 நாள் கழிச்சா 108. மார்ச் 3 உங்க 36வது நாள். மூணுல ஒரு பங்கு. ஆக 3,697ல நீங்க சம்பாதிச்சது 1,231, மிச்சம் 2,466 உங்களுது இல்ல. அவ்வளவும் கேப்பாங்களோன்னா இல்ல, கிராண்ட்டா இருந்தா வாங்குன மொத்தத்துல பாதிக்கு பாதுகாப்பு இருக்கு, அதாவது 1,848.50 வரைக்கும் மாணவர்கிட்ட கேக்கக் கூடாது. 2,466ல அதைக் கழிங்க. 617 வருதா?

செமஸ்டர்ல 60 சதவீதம் தாண்டினப்புறம் விட்டிருந்தா ஒரு பைசா திருப்பிக் கேட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்கு அது ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள்ள எங்கயோ வந்திருக்கும். இதைப் படிச்சிட்டு யாரும் அப்ப ட்ராப் பண்ணாம சும்மா போகாம இருந்துட்டு எஃப் (ஃபெயில்) வாங்கிக்கலாமேன்னு யோசிக்காதீங்க. எல்லாத்துலயும் எஃப் விழுந்தா ஆபீஸ்ல சந்தேகப்பட்டு வாத்தியார்கிட்ட கடைசியா எப்ப வந்தாங்கன்னு கேப்பாங்க, பதில் கிடைக்கலன்னா பாதி செமஸ்டர்ல போனதா வச்சுக் கணக்குப் போடுவாங்க, கூடவே ஜிபிஏ, அதான் கிரேடு சராசரி, அதுவும் குப்புற விழும்.

45 நாள் தாண்டினதால அந்த 617ஐ காலேஜே வசூல் பண்ணுதா, இல்ல எஜுகேஷன் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிட்டாங்களான்னு தெரியணும். நேர்ல போய் இந்த ஒரு கேள்வியை முதல்ல கேளுங்க. அனுப்பிட்டாலும் தவணை ஒப்பந்தம் போட்டுக்கலாம். ஒப்பந்தம் போட்டு கட்ட ஆரம்பிச்சிட்டா அந்தக் காரணத்துக்காக பெல் நிக்காது, ஒண்ணும் பண்ணாம விட்டாதான் நாட்டுல எந்தக் காலேஜ்லயும் ஃபெடரல் காசு வராது.

ரெண்டாவது எஸ்ஏபி. படிப்பு ஒழுங்கா நகருதான்னு பாக்குற கணக்கு அது. பெரும்பாலான காலேஜ்ல ஜிபிஏ 2.0, எடுத்த யூனிட்ல 67 சதவீதம் முடிச்சிருக்கணும், அப்புறம் படிப்போட நீளத்துல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது, அதான் உங்ககிட்ட யாரோ மேல்னு சொன்னது. ஆனா எடுத்த யூனிட் பக்கம் அது அப்படியே நிக்கும். ஃபால்ல 12க்கு 6, அது 50 சதவீதம், அதுக்குத்தான் வார்னிங். ஸ்பிரிங்கும் சேத்து 24க்கு 6, 25 சதவீதம், சஸ்பென்ஷன். அப்பீல் போடாம சொந்தக் காசுல படிச்சே 67க்கு வரணும்னா இனிமே எடுக்கிற எல்லாத்தையும் பாஸ் பண்ணி 31 யூனிட் ஆகணும், கணக்குப் போட்டுப் பாருங்க. அதனால அப்பீல்தான் வழி, அதுக்குன்னே அது இருக்கு.

அப்பீல் லெட்டர்ல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, நடந்த கஷ்டத்தை மட்டும் மூணு பக்கம் எழுதுவாங்க. அம்மா ஸ்ட்ரோக் பத்தி அரைப் பக்கம் போதும், டிஸ்சார்ஜ் சம்மரியும் ஃபிளைட் டிக்கெட்டும் பேசும். மிச்ச இடத்துல இப்ப என்ன மாறியிருக்குன்னு எழுதுங்க, அங்க அம்மாவை இப்ப யாரு பாத்துக்கறாங்க, மறுபடி போக வேண்டி வந்தா என்ன பண்ணுவீங்க. அதைவிட முக்கியம், ஃபால்ல விட்ட ரெண்டு பாடத்துக்கும் காரணம் எழுதணும். அதுக்கு அம்மா காரணம் இல்ல, ஷிஃப்ட்தானே? அதை அப்படியே எழுதுங்க, ஷிஃப்ட்டை மாத்திட்டேன்னும் எழுத முடிஞ்சா எழுதுங்க. கமிட்டில உக்காந்து படிக்கிறவங்க முதல் வார்னிங்கைத்தான் தேடுவாங்க.

மூணாவது, ஃபீஸ் தள்ளுபடி. அது ஸ்டேட் விசயம், கணக்கு வேற. ரெண்டு செமஸ்டர் தொடர்ச்சியா ஜிபிஏ 2.0க்குக் கீழயோ பாதி யூனிட்டைத் தாண்டி முடிக்காமயோ போனா அதுவும் போகும், உங்களுக்கு ரெண்டு தடவையும் பாதிக்கு மேல முடியல. ஆனா இங்க ஒரு கதவு இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள்ல ஈடபிள்யூன்னு ஒரு குறி இருக்கு, நம்ம கையில இல்லாத காரணத்துக்காக விட்டதுன்னு. அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல மனு குடுத்து ஸ்பிரிங் டபிள்யூ நாலையும் ஈடபிள்யூவா மாத்தச் சொல்லுங்க. குடும்பத்துல உடம்பு முடியாதவங்களை நீங்க பாத்துக்க வேண்டி வந்ததுக்கு ஆதாரம் இருக்கே. மாறிட்டா ஸ்டேட் கணக்குல அது சேராது, பாடத்தை மூணு தடவைக்கு மேல எடுக்க முடியாதுங்கற கணக்குலயும் சேராது. ஃபெடரல் எஸ்ஏபில மட்டும் எடுத்த யூனிட்டாத்தான் நிக்கும், 617உம் குறையாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, ஜன்னல்லயே சில நேரம் குழப்புவாங்க.


பழைய_தஞ்சாவூர்:

நானும் இருபது வருசமா இந்த நாட்டுலதான் இருக்கேன். கவர்மென்ட் காசை வாங்காதீங்கன்னு எத்தனை பேருக்கு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. இப்ப பாருங்க கடன். நாளைக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல இதைக் கேப்பான். 617ஐக் கட்டிட்டு கையைக் கழுவிட்டு வேலையைப் பாருங்கம்மா, இந்த வயசுல எதுக்கு.


டேவிஸ்_பஸ்_ஸ்டாப்:

அங்கிள், கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்க சட்டப்படியே பெல் வாங்கலாம், யாரும் பிச்சை போடல, அக்காவும் வீட்டுக்காரரும் டாக்ஸ் கட்டுறாங்க. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்ல அரசாங்க உதவி வாங்கினியான்னு பாக்குற பரிசோதனை கிடையாது. வயசு பத்தி நீங்க பேசுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, என் அனாடமி லேப் பார்ட்னருக்கு 52.

அக்கா, நான் ஒரு தடவை சஸ்பெண்ட் ஆகி அப்பீல்ல திரும்பி வந்தவன். எனக்கு பெரிய சோகம் ஒண்ணும் இல்ல, சும்மா 19 வயசு திமிர், 15 யூனிட் எடுத்துட்டு கேம் விளையாடிட்டு இருந்தேன். இருந்தும் அப்பீல் கிடைச்சுது, ஏன்னா கவுன்சிலர் என்னை உக்கார வச்சு செமஸ்டர் செமஸ்டரா ஒரு பிளான் போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க, அதை லெட்டரோட சேத்து வச்சேன். அப்பீல் பாஸானா புரொபேஷன்னு சொல்லுவாங்க, அந்த பிளான்ல இருக்கிறதை இருக்கிறபடி முடிக்கணும், ஒரு பாடம் மாத்துறதுன்னாகூட கவுன்சிலரைக் கேட்டுட்டுத்தான்.

ஒரு விசயம் நான் லேட்டா கத்துக்கிட்டது. 12 யூனிட் எடுத்தாதான் காசுன்னு எல்லாரும் நினைக்கிறோம், 2024ல இருந்து அது எடுக்கிற யூனிட்டுக்கு ஏத்த மாதிரி இறங்கும், அவ்வளவுதான். 9 எடுத்தா 75 சதவீதம், 7 எடுத்தா 58, 6 எடுத்தா பாதி. முழு பெல் இருக்கிற ஆளுக்கு 9 யூனிட்னா செமஸ்டருக்கு 2,773 வாக்கில வரும். ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டு ஷிஃப்ட்டும் போற ஆளு 9 எடுத்து 9ஐயும் முடிக்கிறது 12 எடுத்து 6ஐ விடுறதுக்கு எவ்வளவோ மேல். அப்புறம் ஆரம்பத்துலயே ஒரு பாடம் சரிவராதுன்னு தெரிஞ்சா சென்சஸ் தேதிக்கு (காலேஜ் ஆள் கணக்கு எடுக்கிற நாள்) முன்னாடி ட்ராப் பண்ணுங்க, டபிள்யூவே விழாது, எடுத்த கணக்குலயும் வராது. முழு செமஸ்டர் கிளாஸ்னா அந்த தேதி மூணு வாரத்துக்குள்ளயே வந்துரும். நான் அதை போன் காலண்டர்ல சிவப்புல போட்டு வச்சிருப்பேன், ரெண்டு நாள் முன்னாடியே கத்தும்.

பிளான்ல இல்லாத பாடத்துக்கு பெல் கணக்குல சேராது, அதையும் பாத்துக்கங்க. நான் ஜாலிக்கு எடுத்த கிட்டார் கிளாஸ் அப்படித்தான் வெளிய நின்னுச்சு, 12ன்னு நினைச்சது 10 ஆச்சு.


கூடுவாஞ்சேரி_டு_டல்லஸ்:

திரெட்டைக் கடத்துறதுக்கு மன்னிக்கணும், ஜன்னல் சார் இருக்காருன்னு கேக்குறேன். என் மனைவி ஊர்ல பி.காம். முடிச்சவங்க, இப்ப கிரீன் கார்டு வந்தாச்சு, இங்க கம்யூனிட்டி காலேஜ்ல அக்கவுன்டிங் சேரலாம்னு இருக்காங்க. எனக்கு ஜனவரில லே ஆஃப். ஃபாஃப்சால ரெண்டு வருசம் முன்னாடி வருமானத்தை எடுத்துக்கறாங்க, அப்ப நல்லா சம்பாதிச்சிட்டு இருந்தேன், இப்ப ஒண்ணும் இல்ல. போட்டு பிரயோஜனம் உண்டா? கூடவே என் ஃபிரண்டு பொண்ணு எச்-4 விசால (வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குத் தர்றது) இருக்கு, அவங்களும் கேக்கச் சொன்னாங்க.


மூணாம்_ஜன்னல்:

கடத்துங்க பரவால்ல, எல்லாம் ஒரே ஜன்னல்தான்.

ஃபிரண்டு பொண்ணுக்கு: எச்-4க்கு ஃபெடரல் உதவி கிடையாது, ஃபாஃப்சால 'எலிஜிபிள் நான்-சிட்டிசன்', அதாவது சிட்டிசன் இல்லாட்டியும் தகுதி உள்ளவர்னு தெரியாம டிக் பண்ணிடாதீங்க. காலேஜோட ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப் சிலது விசா பாக்காது, அதைத் தேடச் சொல்லுங்க, உள்ளூர் ஃபீஸ் கிடைக்குமான்னும் கேக்கச் சொல்லுங்க.

உங்க மனைவி விசயத்துல கெட்ட செய்தி. பி.காம். முடிச்சிருந்தா பெல் கிடையாது. எந்த நாட்டு டிகிரியா இருந்தாலும் டிகிரிதான், இங்க அதை ஒத்துக்கலன்னாலும், வேலைக்கு உதவலன்னாலும். நம்ம ஊர்ப் பொம்பளைங்க எத்தனை பேர் என் ஜன்னல்ல இதைக் கேட்டு நின்னிருக்காங்க, மூணு வருசப் படிப்புதானே சார், கல்யாணத்துக்காகப் படிச்சது சார்னு. எனக்கும் சங்கடமா இருக்கும். ஃபாரத்துல டிகிரி இல்லன்னு போடச் சொல்ற புண்ணியவான்களும் உண்டு, பொய் சொல்லாதீங்க, இமிகிரேஷன் பேப்பர்ல, வேலை பயோடேட்டால எல்லாம் பி.காம்னு எழுதி வச்சிருப்போம். கடன் எடுக்கலாம், ஆனா எல்லா கம்யூனிட்டி காலேஜும் ஃபெடரல் கடன் தர்றதில்ல, கேட்டுக்கங்க. கலிபோர்னியாவா இருந்தா ஃபீஸ் தள்ளுபடியாவது கிடைக்கும், அதுக்கு டிகிரி தடையில்ல. நீங்க டெக்சாஸ், அங்க ஸ்டேட் திட்டம் வேற.

லே ஆஃப் சமாச்சாரம் உங்களுக்குக் காலேஜ் போற பசங்க இருந்தா அவங்களுக்கு உதவும். ஃபாஃப்சாவை இருக்கிற பழைய வருமானத்தோட போட்டுட்டு, அப்புறம் காலேஜ்ல போய் நிலைமை மாறிப்போச்சுன்னு மறுபரிசீலனை கேளுங்க. வேலை போன லெட்டர், கடைசி சம்பளச் சீட்டு, அன்எம்ப்ளாய்மென்ட் பேப்பர் எல்லாம் கேப்பாங்க. அந்த ஆபீஸ் சொல்றதுதான் முடிவு, மேல வாஷிங்டனுக்கு அப்பீல் இல்ல. அதனால ஜன்னல்ல இருக்கிறவர்கிட்ட மரியாதையாப் பேசுங்க (அனுபவம்).

ஆமா, கூடுவாஞ்சேரில மனை கினை இருக்கா? குடியிருக்கிற வீட்டைக் கணக்குல கேக்க மாட்டாங்க, ரிட்டயர்மென்ட் காசும் கேக்க மாட்டாங்க. ஆனா ஊர்ல கிடக்கிற மனையும் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும் சொத்துதான், சொத்துக் கேள்வி வந்தா அன்னிக்கு மதிப்பை டாலர்ல மாத்திப் போடணும். நம்மாளுங்க தொண்ணூறு பேர் அதை மறந்துட்டேம்பாங்க.


கூடுவாஞ்சேரி_டு_டல்லஸ்:

ரெண்டு கிரவுண்டு இருக்கு சார். அப்பா பேர்ல இருக்கு, அப்பாடா. நன்றி.


வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. ஜன்னல் அண்ணே, நீங்க போட்ட கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், அவரு கடைக் கணக்கு பாக்குறவரு, பாதியைக் கழிச்சாங்களே நல்லவங்கதான்னாரு. ஃபிரிட்ஜ்ல ஒட்டுனதுக்கு அன்னிக்கு ராத்திரி பாத்திரம் எல்லாம் அவர்தான் கழுவினாரு.

திங்கக்கிழமை நேர்ல போயிட்டு வந்தேன். வரிசைல ஒரு மணி நேரம். நீங்க சொன்னபடி முதல் கேள்வியா யாருக்குக் கட்டணும்னு கேட்டேன், அந்தப் பொண்ணு கொஞ்சம் நிமிர்ந்து பாத்துச்சு. டிபார்ட்மென்ட்டுக்கு இன்னும் அனுப்பலையாம், அனுப்புற அடுக்குல இருந்துச்சாம். மாசம் 103 டாலர், ஆறு மாசம், ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன், முதல் தவணை அங்கயே கட்டிட்டேன். ஹோல்டு ரெண்டு நாள்ல எடுப்பாங்களாம்.

ஈடபிள்யூ மனு அட்மிஷன்ஸ்ல குடுத்தாச்சு. அங்க இருந்தவருக்கு முதல்ல நான் எதைக் கேக்குறேன்னே புரியல, உள்ள போய் வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு, அந்தம்மா உடனே ஃபாரத்தை எடுத்து நீட்டிட்டாங்க. கவுன்சிலரைப் பாத்து பிளான் போட்டாச்சு. 9 எடுக்கலாம்னுதான் போனேன், அவங்க என் ஷிஃப்ட்டைக் கேட்டுட்டு முதல் செமஸ்டர் 7 போதும்னுட்டாங்க. இங்கிலீஷ் 3, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 4. தம்பி, சென்சஸ் தேதியை போன்ல போட்டுட்டேன், சிவப்புலதான்.

அப்பீல் லெட்டர்தான் ரெண்டு நாளா இழுக்குது. ஃபால்ல ஷிஃப்ட்டாலதான் விட்டேன்னு எழுதுறதுக்குக் கூச்சமா இருந்துச்சு, எழுதிட்டேன். ஆனா புதுசா ஒரு சிக்கல். மதுரை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரில அம்மா பேரோட தாத்தா பேரோட முதல் எழுத்து இருக்கு, என் பேரோட அப்பா பேரு இருக்கு, ரெண்டுக்கும் ஒரு எழுத்துகூட ஒத்துப்போகல. இவங்க உங்க அம்மான்னு எதை வச்சு நம்புறதுன்னு அந்த ஜன்னல் பொண்ணு கேக்குது. என் பர்த் சர்ட்டிஃபிகேட் ஊர்ல பீரோல இருக்கு, அதுவும் தமிழ்ல.


டேவிஸ்_பஸ்_ஸ்டாப்:

அக்கா, இந்தியன் பாஸ்போர்ட்தானே வச்சிருக்கீங்க? கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. அப்பா பேருக்குக் கீழ அம்மா பேர் இருக்கும்.


வைகைக்கரை:

இருக்கு தம்பி! சம்மரில இருக்கிற அதே ஸ்பெல்லிங். இனிஷியல் மட்டும்தான் இல்ல. வியாழக்கிழமை ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போறேன்.